கண்ணாடிப் பெட்டியா, விறாந்தையா? திருகோணமலை நகர மையத்தில் ஒரு பசுமைக் கந்தோரின் கணக்கு

பிரதான வீதியிலோ மத்திய வீதியிலோ ஓட்டுக்கூரையும் விறாந்தையுமாக நின்ற பழைய கட்டடம் ஒன்று இடிபடும். ஓரிரு வருடத்தில் அதே காணியில் நீலக் கண்ணாடி முகப்போடு மூன்று மாடி எழும்பும். கூரையில் நாலு சூரியத் தகடுகள் ஏறிவிட்டால் 'பசுமைக் கட்டடம்' என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும். உடனே பேச்சு இரண்டாகப் பிரியும். கோட்டையும் கோயிலும் உள்ள ஊரில் இது என்ன கோலம் என்பார்கள் ஒரு சாரார். பழசைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தால் ஊர் எப்போது முன்னேறும் என்பார்கள் மற்றவர்கள்.

சண்டை போட்டாலும் இரு சாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுதான்: மரபைக் காப்பதும் நவீனமாகக் கட்டுவதும் எதிரெதிர்த் திசைகள் என்று இருவருமே நம்புகிறார்கள். இந்த ஊரின் வெயில், காற்று, உப்பு, நிலம் நான்கையும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்த நம்பிக்கை நிற்பதில்லை. மரபு கேட்கும் கட்டடமும் காலநிலை கேட்கும் கட்டடமும் பெரும்பாலும் ஒன்றேதான். இரண்டும் மோதுகிற இடங்களும் சில உண்டு. அவையே உண்மையில் கடினமானவை.

முதலில் மூன்று சொற்கள்

1. இயக்கக் கரிமம்: கட்டடம் ஓடுவதற்குச் செலவாகும் மின்சாரத்தால் வெளியேறும் கரியமிலவாயு. ஏசி, விளக்கு, தண்ணீர்ப் பம்பு, லிப்ட் எல்லாம் இதில் அடங்கும். கரண்ட் பில்லில் மாதாமாதம் தெரிவது இதுதான்.

2. உள்ளடங்கிய கரிமம்: கட்டுவதற்கு முன்னரே சீமெந்து, கம்பி, கண்ணாடி, அலுமினியம் ஆகியவற்றின் உற்பத்தியில் வெளியேறிவிட்ட வாயு. இது எந்தப் பில்லிலும் வராது. சாதாரண போட்லண்ட் சீமெந்து ஒரு கிலோ தயாராக, கிட்டத்தட்ட 0.8 முதல் 0.9 கிலோ வரை கரியமிலவாயு வெளியாகிறது.

3. மரபு நகர மையம்: தனித்தனி நினைவுச்சின்னங்களின் கூட்டம் மட்டுமல்ல. தெருவின் அகலம், கூரைகளின் உயரம், கோயிலை நோக்கிய பார்வை, கடைகளின் வரிசை எல்லாம் சேர்ந்ததே அது. 2011இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட 'வரலாற்று நகர நிலத்தோற்றம்' பற்றிய பரிந்துரையும் இந்தப் பார்வையைத்தான் முன்வைக்கிறது.

நாம் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்று சொல்வது டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. 1639இல் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த அதே டச்சுக்காரர் விட்டுப்போன சொல். ஆகவே இந்த ஊருக்குக் கந்தோர் ஒன்றும் புதிய விருந்தாளி அல்ல. கண்ணாடிதான் புதிது.

யாரிடம் அனுமதி?

குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. நகர மையத்தில் ஒரு துண்டுக் காணிக்கு ஒரே நேரத்தில் பல கைகள் நீளக்கூடும்:

1. உள்ளூராட்சி சபையும், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபையும். உயரம், வீதியிலிருந்து விடும் இடைவெளி, வாகனத் தரிப்பிடம் எல்லாம் இவர்கள் பக்கம்.

2. தொல்பொருள் திணைக்களம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பாதுகாக்கப்பட்ட சின்னமொன்றிலிருந்து 400 யார் தூரத்துக்குள், அதாவது சுமார் 366 மீற்றருக்குள், கட்டுமானங்களைக் கட்டுப்படுத்த முடியும். பிரெட்ரிக் கோட்டையின் மதிலிலிருந்து இந்தத் தூரத்தை வரைபடத்தில் வரைந்து பாருங்கள். கோட்டை வாசலுக்கு வெளியிலும் கணிசமான பகுதி உள்ளே விழும். தவிர, 0.25 ஹெக்டயருக்கு மேற்பட்ட காணி அபிவிருத்திக்குத் தொல்பொருள் தாக்க மதிப்பீடும் தேவை.

3. கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி கரையோர வலயம் கடலிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை வரும். பின்குடாவும் டச்சுக்குடாவும் ஒரு பக்கம், உட்துறைமுகம் மறுபக்கம் என்று நெருக்கிப் பிடித்த நிலத்தில் இந்த வலயத்துக்கு வெளியே நிற்பது இலேசான காரியமல்ல.

இந்தப் பட்டியலில் இரண்டாவது பெயரைக் கேட்டதும் தமிழ், முஸ்லிம் மக்களிடம் ஒரு இறுக்கம் வருவது இரகசியமில்லை. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீரூற்று யாருடைய மரபு என்ற தகராறும் ஆறாத புண். இதனால் 'மரபு' என்ற சொல்லே காணியைப் பறிக்க வரும் சொல்லாகக் கேட்கிறது. அந்தச் சந்தேகத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் அதன் பக்க விளைவொன்றும் உண்டு. நம் வீதிகளின் விறாந்தைக் கட்டடங்களை நாமே மரபாகக் கணக்கெடுக்காமல் விட்டுவிட்டோம். அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று திணைக்களமும் வருவதில்லை, ஊரும் கேட்பதில்லை.

வெயிலின் கோணம்: எட்டரைப் பாகையில் நிற்கும் ஊர்

திருகோணமலை வட அகலாங்கு 8.57 பாகையில் இருக்கிறது. இந்த ஒரு எண்ணிலிருந்தே முகப்பின் வடிவத்தில் பாதி முடிவாகிவிடும்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறான். அதன்பின் ஓகஸ்ட் இறுதிவரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து விழும். மிச்ச மாதங்களில் தெற்குப் பக்கம். ஜூன் 21இல் நண்பகல் உயரம் வடக்கே சுமார் 75 பாகை. டிசம்பர் 21இல் தெற்கே சுமார் 58 பாகை. இதிலிருந்து மூன்று முடிவுகள்:

1. தெற்குச் சுவர்: ஒன்றரை மீற்றர் உயர யன்னல் என்றால் மேலே ஏறத்தாழ ஒரு மீற்றர் நீட்டம் போதும். டிசம்பர் நண்பகலிலும் கண்ணாடியில் வெயில் படாது.

2. வடக்குச் சுவர்: வடக்கே வெயில் வராது என்று குளிர்நாட்டுப் பாடப்புத்தகம் சொல்லும். இங்கே நாலரை மாதம் வரும். ஆனால் செங்குத்தாக வருவதால் சிறிய நீட்டமே போதும்.

3. மேற்குச் சுவர்: இதுதான் சண்டைக்காரன். மார்ச், செப்டெம்பர் மாதங்களில் பின்னேரம் நாலு மணிக்குச் சூரியன் அடிவானிலிருந்து முப்பது பாகை உயரத்தில்தான் நிற்கும். அப்போது ஒரு மீற்றர் நீட்டம் போட்டாலும் நிழல் அறுபது சென்ரிமீற்றருக்குக் கீழே இறங்காது. அடியிலுள்ள கண்ணாடி முழுவதும் வெயில் குடிக்கும்.

நகரத்துக் காணியைத் திருப்பி வைக்க முடியாது. வீதி மேற்கே இருந்தால் முகப்பும் மேற்கேதான். வெளிநாட்டுச் சஞ்சிகையைப் பார்த்துக் கண்ணாடி முகப்புப் போடுபவர், அந்தச் சுவரில் விழும் வெப்பத்தை வெளியேற்ற ஏசியின் கொள்ளளவைக் கூட்டுவார். 'வெப்பம் தடுக்கும் கண்ணாடி' கொஞ்சம் உதவும். ஆனால் அது கதிரைத் தடுப்பது கண்ணாடிக்கு வந்து சேர்ந்த பிறகு. நிழல் தடுப்பது வந்து சேர முன்பே. வித்தியாசம் பெரிது.

பழைய கடைக்காரர் இதை எப்படித் தீர்த்தார்? இரண்டு மீற்றர் ஆழமான விறாந்தை; அதன் ஓட்டுக்கூரை ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வரை தாழ்ந்திறங்கும்; அதற்கும் கீழே பின்னேரத்தில் அவிழ்த்துவிடும் தட்டி. மேற்கு வெயிலுக்குத் தேவையானது அவ்வளவுதான். நவீன கட்டடத்தில் அதே வேலையை நிலைக்குத்துப் பலகைகளோ மரச் சட்டங்களோ செய்யலாம், ஆழமான பல்கனியும் செய்யலாம். விறாந்தையை வீதி மட்டத்தில் வைத்துக்கொண்டால் நடந்து போகிறவருக்கும் நிழல் கிடைக்கும், தெருவின் பழைய முகவரிசையும் அறாது.

கச்சானும் வாடையும்

'இயற்கைக் காற்றோட்டம்' என்று எழுதாத பசுமைத் திட்ட அறிக்கை இல்லை. எந்த மாதத்துக் காற்று என்று கேட்டால்தான் சிக்கல் தெரியும்.

நொவெம்பரிலிருந்து பெப்ரவரி வரை வாடை. ஈரமானது, ஆனால் குளிர்ச்சியானது. மழை அடிக்காத பக்கத்து யன்னலைத் திறந்தால் ஃபேன் போதும். மே தொடங்கி ஓகஸ்ட் வரை கச்சான். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டுக் கீழே இறங்கும்போது காய்ந்து சூடாகி இந்தக் கரைக்கு வருகிறது. நண்பகலில் வெப்பநிலை 35 பாகை செல்சியசை எட்டும் நாட்கள் அப்போது சாதாரணம். அந்த நேரத்தில் யன்னலைத் திறந்து வைப்பது அடுப்பு வாசலைத் திறந்து வைப்பது போலத்தான். மேசையில் கிடக்கும் கடதாசியும் பறக்கும், புழுதியும் வரும்.

அதனால் இங்கே பொருந்துவது கலப்பு முறை. மூன்று படிகளாகச் செய்யலாம்:

1. தடித்த சுவரும் தடித்த தரையும் வைத்து, கச்சான் மாதங்களில் பகலில் கட்டடத்தை மூடி வைப்பது. இரவில் வெளிக்காற்று இறங்கியதும் மேல் யன்னல்களைத் திறந்து, பகலில் சுவர் குடித்த சூட்டை வெளியேற்றுவது. வீட்டில் இதைச் செய்யக் கள்வர் பயம். கந்தோரில் கம்பி போட்ட உயரமான சட்ட யன்னல்கள் இருந்தால் இரவில் உள்ளே யாரும் படுப்பதில்லை என்பதே வசதி.

2. ஏசி போடும் அறைகளில் 22இல் வைப்பதற்குப் பதில் 26, 27இல் வைத்து மேலே ஃபேன் ஓட்டுவது. வினாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் அசையும் காற்று உடம்புக்கு இரண்டரை, மூன்று பாகை குறைந்தது போன்ற உணர்வைத் தரும்.

3. கட்டடத்தின் அகலத்தைக் குறைப்பது. ஒரு யன்னலிலிருந்து எதிர் யன்னலுக்கு 12 மீற்றருக்கு மேல் போனால் நடுவில் காற்றும் வெளிச்சமும் சாகும். ஒடுங்கி நீண்ட நகரக் காணியில் இதற்கு வழி, நடுவே ஒரு முற்றம். நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கொழும்பில் ஜெப்ரி பாவா 1970களின் பிற்பகுதியில் அமைத்த அரச ஈட்டு வங்கிக் கட்டடம் பன்னிரண்டு மாடி. காற்று வரும் திசையைப் பார்த்த ஒடுங்கிய உருவம், மழை வந்தாலும் காற்று நுழைய யன்னலுக்குக் கீழே திறப்புகள். உயர்ந்த கந்தோருக்கும் காற்றோட்டம் சாத்தியம் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்நாட்டில் காட்டியாயிற்று. திருகோணமலைக்குப் பன்னிரண்டு மாடி தேவையில்லை. மூன்று மாடியில் செய்வது அதைவிடச் சுலபம்.

இடிக்க முன் ஒரு கணக்கு

நூறு பேர் வேலை செய்யும், மூன்று மாடி, 1,500 சதுர மீற்றர் கந்தோர் ஒன்றை உதாரணமாக எடுப்போம். காணியின் முன்பக்கத்தில் முக்கால் முழத்துக்கும் தடித்த சுவர்களோடு பழைய கட்டடம் நிற்கிறது. 200 கன மீற்றர் கட்டுச்சுவர் என்று வைத்தால், அது சுமார் 400 தொன். இடித்தால் அந்த 400 தொன்னும் எங்கோ கொட்டப்பட வேண்டும். அதே இடத்துக்குப் புதுச் சீமெந்தும் கம்பியும் வர வேண்டும். இடித்துக் கட்டிய பசுமைக் கட்டடம் அந்த உள்ளடங்கிய கரிமக் கடனை மின்சேமிப்பால் அடைக்கப் பல வருடங்கள் ஆகும். முன்பக்கத்தை வைத்துக்கொண்டு பின்னால் முற்றம், அதற்கும் பின்னால் புதிய மூன்று மாடி என்று கட்டினால் கடன் பாதியிலேயே நின்றுவிடும். வீதியிலிருந்து பார்ப்பவருக்குக் கூரை வரிசையும் அப்படியே இருக்கும்.

ஆனால் 'வைத்துக்கொள்வது' என்று சொல்லிப் பலர் செய்வது வேறு. பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அது ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். அதன் மேல் சீமெந்துப் பூச்சுப் பூசிப் பளபளக்கும் பெயின்டும் அடித்தால் ஈரம் உள்ளே அடைபடும். இந்த ஊரின் நிலத்து ஈரத்தில் உப்பு இருக்கிறது. பூச்சுக்குப் பின்னால் அந்த உப்பு படிகமாகி, இடுப்பு உயரம் வரை பூச்சைப் பிளந்து தள்ளும். விரலால் தட்டினால் 'டொக்' என்று வெறுமையான சத்தம் கேட்கும். உரித்தால் பின்னால் வெள்ளைப் பொடி. மேசன் திரும்ப வந்து இன்னும் கெட்டியான சீமெந்து பூசுவார், அடுத்த மாரிக்கு அதுவும் விழும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுத்தான். முன்பு போலப் பவளப்பாறையைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு கூடாது, கரையோரத்தில் பவளம் அகழ்வது தடை. சுண்ணக்கல்லில் எடுத்தது போதும்.

புதிய பகுதியின் எதிரியும் உப்புத்தான். கடற்காற்றின் குளோரைட்டு கொங்கிறீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிடப் பருத்தது. அதனால் கொங்கிறீட்டு வெடிக்கும். கம்பிக்கு மேலுள்ள மூடு தடிப்பில் ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றரை மிச்சம் பிடிப்பவர், கட்டடத்தின் ஆயுளில் பத்துப் பதினைந்து வருடத்தைக் கொடுத்துவிட்டுத்தான் அதைப் பிடிக்கிறார்.

நிலத்துக்குக் கீழே

1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர். 1950இல் நகரசபை ஊழியர்கள் கிணறு தோண்டியபோது அந்தக் கோயிலின் வெண்கலத் திருவுருவங்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. நகர மையத்தில் தோண்டுவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். வாகனத் தரிப்பிடத்துக்கென்று நிலத்தடி மாடி தோண்டும் யோசனையைத் தொடக்கத்திலேயே கைவிடுவது நல்லது. தொல்பொருள் ஒரு காரணம். இரண்டு பக்கமும் கடல் இருக்கும் ஒடுங்கிய நிலத்தில் நீர்மட்டம் மேலேயே நிற்கும் என்பது மற்றது.

அந்த நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரையோர நிலத்தில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லை. நன்னீர் மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால், அடியிலுள்ள உப்பு எல்லை காலப்போக்கில் நாற்பது மீற்றர் வரை மேலேறக்கூடும் என்பது நீரியலின் அடிப்படை விதி. ஒரு கந்தோர் குழாய்க் கிணறு போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு ஏறுவது பக்கத்து வீட்டுக் கிணற்றிலும்தான்.

குழாய்த் தண்ணீர் கந்தளாயிலிருந்து வருகிறது. மழைநீர் வீட்டு வாசலில் விழுகிறது. 2007இன் சட்டத் திருத்தத்தோடு மழைநீர் சேகரிப்பு நகர அபிவிருத்தி விதிகளுக்குள் வந்துவிட்டது. ஆனால் இந்த ஊருக்குக் கணக்கு வேறு:

1. 500 சதுர மீற்றர் கூரை, வருடத்துக்கு 1,500 மில்லிமீற்றர் மழை. இழப்புப் போக ஆறு இலட்சம் லீற்றர்.

2. நூறு பேரின் கழிப்பறைத் தேவை, ஆளுக்கு 20 லீற்றர் என்றால் நாளுக்கு 2,000 லீற்றர். வருடத்துக்கு ஐந்து இலட்சம். காகிதத்தில் தாராளமாகப் போதும்.

3. ஆனால் மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில். மிச்ச மாதங்களுக்குச் சேமிக்கும் தொட்டி நகரக் காணியில் அடங்காது.

ஆகவே 40,000 லீற்றர் தொட்டி ஒன்று, இருபது நாளுக்கு. நிரம்பி வழிவதை வடிகாலுக்கு விடாமல் மணலில் இறக்கி நன்னீர் வில்லைக்குத் திருப்பிக் கொடுப்பது. கொங்கிறீட்டுக் கல் பதித்த முற்றத்தை விட மணல் முற்றம் இங்கே பெறுமதி கூடியது.

கூரை: மூன்று சண்டைகள் சந்திக்கும் இடம்

1. மின்சாரம். மேற்படி கந்தோர் கண்ணாடிப் பெட்டியாக இருந்து முழுக்க ஏசியில் ஓடினால் சதுர மீற்றருக்கு வருடம் 150 அலகு என்று வைக்கலாம்: மொத்தம் 2,25,000. நிழலும் கலப்பு முறையும் இருந்தால் 60ஐ இலக்காக வைக்கலாம்: 90,000. கூரையில் 50 கிலோவாட்டுத் தகடுகள் பொருத்தினால் சுமார் 70,000 அலகு கிடைக்கும். முதலாவதில் தகடு ஒரு அலங்காரம். இரண்டாவதில் தேவையின் முக்கால்வாசிக்கும் மேல். இவை உத்தேச எண்கள்தான், ஆனால் விகிதம் பெரிதாக மாறாது.

கந்தோரின் மின்தேவை பகலில் என்பது சூரியனுக்குப் பொருத்தம். சனி, ஞாயிறு மட்டும் பொருந்தாது. நாடு முழுவதும் இருண்ட 2025 பெப்ரவரி 9 ஒரு ஞாயிறு. தேவை குறைந்த பகலில் சூரிய மின்சாரத்தின் பங்கு கூடியிருந்தது அப்போது பேசுபொருளானது. பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்ததாகச் சொல்லப்பட்ட குரங்கு மட்டும் காரணமல்ல. அந்த வருடச் சித்திரை விடுமுறையில் கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டதும் இதனால்தான். கூரை கொள்ளுமட்டும் தகடு போடுவதை விட, வேலைநாள் நண்பகல் தேவைக்கு அளவாகப் போட்டு, பின்னேரத்துக்கு ஒரு பற்றரி வைப்பது புத்தி.

2. பார்வை. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையிலிருந்து கீழே பார்ப்பவருக்கு நகரம் என்பது கூரைகளே. சாய்வுக் கூரையின் கோட்டைப் பக்கச் சரிவைச் சிவப்பு ஓட்டுக்கு விட்டு, தகடுகளை மறு சரிவில் வைக்கலாம். அகலாங்கு எட்டரையில் மென்சரிவான கூரை எந்தப் பக்கம் பார்த்தாலும் விளைச்சலில் இழப்பு அதிகமில்லை. ஐரோப்பாவில் இந்தச் சலுகை கிடையாது.

3. புயல். மரபும் வெயிலும் அகன்ற தாழ்வாரம் கேட்கின்றன. 1964 டிசம்பர் 22இல் இதே கரையைத் தாக்கிய புயலை நினைப்பவர் அதற்குப் பயப்படுவார். காற்று கீழே புகுந்து தூக்குவது தாழ்வாரத்தைத்தான். வழி, விறாந்தைக் கூரையைப் பிரதான கூரையோடு ஒரே துண்டாகப் போடாமல் ஒரு படி கீழே தனியாக அமைப்பது. பிய்ந்தாலும் விறாந்தையோடு போகும். பழைய கட்டடங்கள் பலவற்றில் இந்தப் படி இருப்பதைக் காணலாம். மின்பலகையும் ஜெனரேற்றரும் சேர்வரும் தரைமாடியில் கூடாது என்பதற்கு 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு விளக்கம் தேவையில்லை.

இன்னும் தீராதவை

மூன்றை மட்டும் சொல்லலாம். முதலாவது வாடகை. முற்றத்துக்கும் விறாந்தைக்கும் விட்ட நிலத்தில் யாரும் சதுர அடி வாடகை தருவதில்லை. கட்டுபவர் ஒருவர், கரண்ட் பில் கட்டுபவர் வேறொருவர் என்றால் நிழலுக்குச் செலவழிக்கக் கட்டுபவருக்குக் காரணமே இல்லை. இதை எந்தப் பசுமைச் சான்றிதழும் தீர்க்கவில்லை.

இரண்டாவது மான்கள். முகப்பில் செடி நட்டுப் 'பசுமை' காட்ட நினைக்கும் கட்டடக்கலைஞர், கோட்டைப் புள்ளிமான்கள் மாலையில் ஊருக்குள் வருவதை வரைபடத்தில் குறிப்பதில்லை. ஆள் உயரத்துக்குக் கீழே நடுவதெல்லாம் அவற்றுக்குப் போகும். வேலி போட்டால் விறாந்தை தெருவுக்கு மூடப்படும். மேல்மாடியில் நடுவது அல்லது வேம்பு, பூவரசு போன்ற மரங்களைப் பாதுகாப்புக் கூட்டோடு வளர்த்துவிடுவது என்று இரண்டே வழி.

மூன்றாவது, ஆள். இரவில் யன்னல் திறந்து சுவரைக் குளிர்விக்கும் ஏற்பாட்டை மோட்டாரால் செய்தால் உப்பு அதை இரண்டு மாரியில் தின்றுவிடும். கையால் இழுக்கும் கயிறும் பித்தளைக் கொளுக்கியும் போதும். அப்படியானால் மே தொடங்கி ஓகஸ்ட் வரை தினமும் பின்னேரம் ஏழு மணிக்கு இரண்டாம் மாடிக்கு ஏறி இருபத்திநாலு யன்னலைத் திறக்கவும், விடிய ஆறு மணிக்கு மூடவும் ஒருவர் வேண்டும். அது இரவுக் காவலாளியாகத்தான் இருக்க முடியும். அவருடைய நியமனக் கடிதத்தில் அந்த வேலையும், அதற்கான கொடுப்பனவும் எழுதப்பட வேண்டும்.